டாஸ் இன்னும் வீட்டுக்கு ஆகுமா? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கணினி பழுது பார்க்கிறவர்களிடம் டாஸ் பற்றிய கேள்வி இரண்டு வாசல் வழியாக வருகிறது. டாஸ் என்பது, விண்டோஸுக்கு முன் கணினியில் கட்டளைகளைத் தட்டி ஓட்டிய பழைய இயங்குதளம். 2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்ததிலிருந்து, பத்து வருடப் பழைய மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து, "இதுல டாஸ் போட்டா வேகமா ஓடுமாமே அண்ணே?" என்று கேட்பவர்கள் ஒரு பக்கம். தோட்ட ஆபீஸை மூடியபோது கிராணி (கணக்கர்) வீட்டுக்கு எடுத்து வந்த பழைய கணினிப் பெட்டியையோ, கோயில் நிர்வாகம் அலமாரியில் பூட்டி வைத்திருந்த பெட்டியையோ கொண்டுவந்து, "உள்ள இருக்கிற கணக்க எடுக்க முடியுமா?" என்று கேட்பவர்கள் இன்னொரு பக்கம்.

முதல் கேள்விக்கு என் பதில், வேண்டாம். வீட்டில் இருப்பது ஒரே கணினி என்றால் அதில் டாஸ் போடாதீர்கள். வருமான வரி இ-ஃபைலிங், வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் கூகுள் கிளாஸ்ரூம் எல்லாம் இன்றைய உலாவியைக் கேட்பவை. டாஸில் ஓடும் உலாவிகள் உண்டு, 'லிங்க்ஸ்' அதில் ஒன்று. ஆனால் இந்தத் தளங்கள் எதையும் அது திறந்து வேலை செய்ய விடாது. வைஃபையும் டாஸில் கிட்டத்தட்ட இல்லை. அந்த மடிக்கணினிக்கு ஏற்றது எடை குறைந்த ஒரு லினக்ஸ், அதாவது விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளம். லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டால் இணையமும் கிடைக்கும், தமிழும் தெரியும்.

இரண்டாவது கேள்விக்கு, முடியும். அதற்கு டாஸ் கொஞ்சம் தெரிந்திருந்தால் மிகவும் நல்லது. டாஸைக் கற்றுக்கொள்ளுங்கள் என்று நான் வற்புறுத்துவதே இதற்காகத்தான். பால்மரம் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய்த் தாமான் எனும் குடியிருப்பு வந்த இடங்களில், யார் எந்தத் தோட்டத்தில் எத்தனை வருடம் வேலை செய்தார் என்பதற்குச் சில சமயம் மிஞ்சியிருப்பது ஒரு செக்ரோல் (தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவு) கோப்பு மட்டுமே. அதை இரும்புக்கடைக்குப் போட்டுவிட்டால் திரும்ப வராது.

இவர்களைத் தவிர மூன்றாவது வகையினரும் உண்டு. கவனம் சிதறாமல் எழுத விரும்புபவர்கள், சிறுவயதில் ஆடிய விளையாட்டைத் தேடுபவர்கள், கணினி எப்படி வேலை செய்கிறது என்று பிள்ளைக்குக் காட்ட நினைப்பவர்கள். இவர்களுக்கும் டாஸ் தாராளமாக ஆகும். ஆனால் இருக்கும் கணினிக்குள்ளே ஒரு அறை கொடுத்தால் போதும், முழு வீட்டையும் எழுதித் தரவேண்டியதில்லை.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே ஒலிப்பைத் தமிழில் தருகிறேன். விசைப்பலகையில் ஆங்கில எழுத்திலேயே தட்டுங்கள்.

எந்த டாஸ்?

டிம் பேட்டர்சன் 1980இல் சியாட்டல் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் நிறுவனத்தில் எழுதியதை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 1981 ஆகஸ்டில் ஐபிஎம் பிசியோடு அது வெளிவந்தது. தனியாக விற்கப்பட்ட கடைசி எம்எஸ்-டாஸ், 1994இல் வந்த 6.22. அதற்கான ஆதரவு 2001 முடிவில் நின்றுவிட்டது. ஆதரவு நின்றதால் அது இலவசம் என்று நினைத்துவிடக் கூடாது. மைக்ரோசாஃப்ட் மூல நிரலைத் திறந்து விட்டது 1.25, 2.0, 4.00 ஆகிய பதிப்புகளுக்கு மட்டுமே.

புதிதாகத் தொடங்குபவர் எடுக்க வேண்டியது ஃப்ரீடாஸ். அடுத்த விண்டோஸில் டாஸ் இருக்காது என்ற பேச்சு எழுந்தபோது, அமெரிக்கக் கல்லூரி மாணவராக இருந்த ஜிம் ஹால் 1994 ஜூன் 29இல் இதை அறிவித்தார். தன்னார்வலர்கள் இன்றுவரை அதைப் பராமரிக்கிறார்கள். 1.4 பதிப்பு 2025 ஏப்ரலில் வந்தது. எம்எஸ்-டாஸுக்கு எழுதிய நிரல்களில் பெரும்பாலானவை இதில் அப்படியே ஓடும், விலையும் கிடையாது.

பழைய பெட்டி இருந்தால்: மின்சாரம் கொடுக்கும் முன்

பழைய பெட்டி எதுவும் இல்லாதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். இருப்பவர்கள் இங்கே நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் இழப்பு நடப்பது பெரும்பாலும் இந்த முதல் அரைமணி நேரத்தில்தான்.

ஆவலில் பிளக்கைச் செருகாதீர்கள். முதலில் பின்பக்கம் பாருங்கள். மின்வழங்கியில் சின்னதாகச் சிவப்பு விசை இருந்தால் அது 230 பக்கம் இருக்க வேண்டும். 115இல் இருந்தபடி நம் வீட்டு மின்சாரத்தில் செருகினால் அந்த நொடியே வெடிக்கும். பிறகு மூடியைக் கழற்றுங்கள். நம் ஊர் ஈரத்துக்கும் எறும்புக்கும் பல்லிக்கும் இருபது முப்பது வருடம் தப்பித்த பெட்டி அது. எச்சமும் கூடும் உலர்ந்து கிடந்தால் மென்மையான தூரிகையால் எடுங்கள்.

தாய்ப்பலகையில் பேட்டரியைத் தேடுங்கள். 286, 386, 486 என்ற பழைய சில்லுகளின் காலத்துப் பலகைகள் பலவற்றில் பீப்பாய் வடிவில் நிக்கல்-காட்மியம் பேட்டரியைப் பற்றவைத்திருப்பார்கள். அது கசிந்தால் பச்சையாகப் பூத்துச் செம்புக் கம்பித்தடங்களை அரித்துவிடும். அதற்குப் பின் வந்தவற்றில் வட்டமான சிஆர்2032 இருக்கும், பேட்டரி விற்கும் எந்தக் கடையிலும் மாற்று கிடைக்கும். பேட்டரியில் கைவைக்கும் முன் ஹார்ட் டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் தாளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சிலிண்டர், ஹெட், செக்டர் என்று மூன்று எண்கள் இருக்கும். பழைய பயாஸுக்கு, அதாவது கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் அடிப்படை நிரலுக்கு, டிஸ்க்கைத் தானாக அடையாளம் காணத் தெரியாது. பேட்டரி செத்தால் அந்த எண்களை மறந்துவிடும், நீங்கள்தான் திரும்பத் தட்டிக்கொடுக்க வேண்டும்.

இவ்வளவு பார்த்த பிறகும் அந்தப் பெட்டியையே ஓட்டிப் பார்ப்பதைவிட, டிஸ்க்கைக் கழற்றி ஐடிஇ-யுஎஸ்பி அடாப்டர் (ஐடிஇ என்பது பழைய டிஸ்க்குகளின் இணைப்பு முறை) வழியாகப் புதிய கணினியில் இணைத்துப் படிப்பது பாதுகாப்பு. அடாப்டரை ஷாப்பியிலும் வாங்கலாம், கோலாலம்பூர் போனால் லோ யாட் பிளாசாவிலும் வாங்கலாம். மிகப் பழைய சிறிய டிஸ்க்குகளைச் சில அடாப்டர்கள் அடையாளம் காணாது. அப்போது ஐடிஇ சாக்கெட் உள்ள ஒரு நடுக்காலக் கணினியை யாரிடமாவது இரவல் கேளுங்கள். இணைந்தவுடன் கோப்புகளைத் திறந்து பார்க்காமல், டிஸ்க் முழுவதையும் ஒரே படிமமாக நகல் எடுங்கள். லினக்ஸில் 'டிடிரெஸ்க்யூ' இந்த வேலைக்காகவே எழுதப்பட்டது. கெட்டுப்போன இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காமல், படிக்க முடிந்ததை முதலில் எடுத்துவிட்டுப் பிறகு மீதிக்குத் திரும்பும்.

பிளாப்பி டிஸ்க் என்றால் மூன்றரை அங்குல வட்டுக்கு யுஎஸ்பி டிரைவ் போதும். ஐந்தேகால் அங்குலத்துக்கு அப்படி ஆயத்தமான யுஎஸ்பி டிரைவ் கிடையாது, பழைய டிரைவும், அதற்கேற்ற தாய்ப்பலகையோ யுஎஸ்பியில் இணைக்கும் தனிக் கட்டுப்பாட்டு அட்டையோ வேண்டும். மூன்றரை அங்குல வட்டின் உலோக மூடியை விரலால் நகர்த்தி உள்ளே பாருங்கள். வெள்ளையாகவோ சாம்பலாகவோ பூசணம் தெரிந்தால் டிரைவில் போடாதீர்கள். பூசணம் படிக்கும் முனையில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல வட்டையும் கீறிவிடும். நல்ல வட்டானாலும் மூலையில் உள்ள சின்னக் கதவை நகர்த்தி ஓட்டை திறந்திருக்கும்படி வைத்துவிட்டுத்தான் செருக வேண்டும். ஓட்டை திறந்திருந்தால் அந்த வட்டில் எதுவும் எழுத முடியாது.

இன்னொரு காரணத்துக்காகவும் இந்த எச்சரிக்கை வேண்டும். டாஸில் பயனர் என்றோ அனுமதி என்றோ எதுவும் கிடையாது. எந்த நிரலும் டிஸ்க்கின் எந்த மூலையிலும் எழுதலாம். அந்தக் காலத்து வைரஸ்கள் வட்டுகளில் அப்படியே தூங்கிக்கொண்டிருக்கின்றன. மைக்கலாஞ்சலோ என்ற வைரஸ் மார்ச் 6ஆம் தேதி கணினியைத் திறந்தால் ஹார்ட் டிஸ்க்கின் தொடக்கப் பகுதியை அழித்து எழுதும். எடுத்த கோப்புகளை இன்றைய வைரஸ் தடுப்பியில் ஒருமுறை ஓட்டிவிடுங்கள், பழைய பெயர்களை அவை இன்னும் அடையாளம் காண்கின்றன.

கோப்புகள் கைக்கு வந்ததும் பெயரின் வாலைப் பாருங்கள். டிபிஎஃப் என்று முடிந்தால் டிபேஸ், டபிள்யூகே1 என்று முடிந்தால் லோட்டஸ் 1-2-3. இரண்டையும் இலவசமான லிப்ரே ஆபீஸ் கால்க் திறந்துவிடும். வேலை இத்தோடு முடிந்துபோகலாம், டாஸ் தேவைப்படாமலே போகலாம். ஆனால் யாரோ ஒருவர் அந்தக் கோயிலுக்கென்றே எழுதிக்கொடுத்த நிரலாக இருந்தால், சந்தா பாக்கியைக் கணக்கிடும் முறையெல்லாம் அந்த நிரலுக்குள்தான் இருக்கும். அதை ஓட்டிப் பார்க்கத்தான் டாஸ் வேண்டும்.

முதலில் டாஸ்பாக்ஸில் ஓட்டிப் பாருங்கள்

64-பிட் விண்டோஸ் பழைய டாஸ் நிரல்களை நேரடியாக ஓட்டாது. விண்டோஸ் 11 வருவதே 64-பிட்டில் மட்டும்தான். அதனால் டாஸ்பாக்ஸ் என்ற நிரலைப் போட வேண்டும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், இலவசம். விளையாட்டுக்கு என்றால் சாதாரண டாஸ்பாக்ஸ் போதும். அதை எழுதியவர்கள் விளையாட்டை மனத்தில் வைத்துத்தான் எழுதினார்கள். கணக்கு நிரலுக்கு டாஸ்பாக்ஸ்-எக்ஸ் போடுங்கள். அச்சிடும் வசதி உட்பட அலுவலக நிரல்களுக்கு வேண்டியவை அதில் உண்டு.

சி டிரைவில் 'டாஸ்' என்று ஒரு அடைவு உருவாக்கிப் பழைய கோப்புகளின் நகலை அதற்குள் போடுங்கள். மூலத்தைப் போடாதீர்கள், நகல் மட்டும். டாஸ்பாக்ஸைத் திறந்தால் இசட் என்ற எழுத்தோடு ஒரு வரி காத்திருக்கும். அதில் 'மவுண்ட் சி சி:\டாஸ்' என்று தட்டி எண்டர் அழுத்துங்கள். அடுத்து 'சி:' என்று தட்டினால் உங்கள் அடைவுக்குள் வந்துவிடுவீர்கள். அங்கிருந்து இசட்டைத் தவிர வேறெங்கும் அது போகாது, கணினியின் மற்றக் கோப்புகளைத் தொடாது. அதனாலேயே புதியவர்களை இங்கே முதலில் உட்கார வைக்கிறேன்.

'டிர்' என்று தட்டினால் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் வரும். கோப்பு நிறைய இருந்து பட்டியல் ஓடிப்போனால் 'டிர் /பி' தட்டுங்கள் (பேஜ் என்பதன் முதல் எழுத்தான பி), பக்கம் பக்கமாக நிற்கும். 'சிடி' அடைவுக்குள் போக, 'சிடி..' வெளியே வர. 'காப்பி' நகலெடுக்க, 'டெல்' அழிக்க. டெல்லில் அழித்தது குப்பைத்தொட்டிக்குப் போகாது, போனது போனதுதான். நிரலைத் தொடங்க, இஎக்ஸ்இ அல்லது காம் என்று முடியும் கோப்பின் பெயரை மட்டும் தட்டுங்கள். நிரல் மிக மெதுவாக இருந்தால் சாதாரண டாஸ்பாக்ஸில் கன்ட்ரோலும் எஃப்12ம், மிக வேகமாகப் பறந்தால் கன்ட்ரோலும் எஃப்11ம். சுட்டி உள்ளே மாட்டிக்கொண்டால் கன்ட்ரோலும் எஃப்10ம்.

கோப்புப் பெயர்கள் வெட்டுப்பட்டுத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். டாஸில் பெயருக்கு 8 எழுத்து, வாலுக்கு 3 எழுத்து, அவ்வளவுதான் இடம். நீளப் பெயர்கள் ஆறெழுத்தும் ஒரு நெளிகோடும் ஒரு எண்ணுமாகச் சுருங்கித் தெரியும்.

தமிழ் தெரியுமா?

இன்று நாம் எழுதும் யூனிகோட் தமிழ் டாஸில் தெரியாது. தமிழில் எழுதிய ஒரு கோப்பை 'டைப்' கட்டளையில் காட்டச் சொன்னால் கோடும் புள்ளியும் வெளிநாட்டு எழுத்துமாகக் கொட்டும். காரணம் எளிது. டாஸின் எழுத்துத் திரையில் ஒரு எழுத்துக்கு ஒரு பைட், மொத்தம் 256 வடிவங்கள். யுடிஎஃப்-8 முறையில் 'க' என்ற ஒரு எழுத்துக்கே மூன்று பைட் வேண்டும், 'கோ' என்றால் ஆறு. டாஸ் ஆறையும் ஆறு தனி எழுத்தாக எண்ணி வரைகிறது. திரையும் 80 பத்தி, 25 வரி என்று ஒரே அளவுக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. 'இ'யும் 'ணௌ'வும் ஒரே அகலத்தில் அடங்குமா?

அந்தக் காலத்தில் டாஸில் தமிழைக் கொண்டுவந்தவர்கள் இந்த எழுத்துத் திரையை விட்டுவிட்டு, வரைகலைத் திரையில் எழுத்தைப் படமாக வரைந்தும், அந்த 256இன் மேல்பாதி 128 இடங்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்தியும் சமாளித்தார்கள். பின்னாளில் முரசு அஞ்சல் வழியாகத் தமிழைத் திரைக்கும் கைப்பேசிக்கும் கொண்டுவந்த முத்து நெடுமாறன் நம் மலேசியர் என்பது நமக்குப் பெருமை. ஆனால் ஒவ்வொரு நிரலும் தனக்கென்று ஒரு குறியீடு வைத்திருந்த காலம் அது. உங்கள் வட்டில் அப்படி எழுதிய தமிழ்க் கோப்பு இருந்தால், எழுதிய நிரலையும் எழுத்துரு கோப்புகளையும் சேர்த்தே பாதுகாத்து வையுங்கள். அவை இல்லாமல் அந்தக் கடிதத்தை யாராலும் எளிதில் படிக்க முடியாது. டாஸில் தமிழ் நாவல் எழுதலாம் என்று திட்டமிட்டிருப்பவர்கள் அந்த எண்ணத்தை இங்கேயே விட்டுவிடலாம். ஆங்கிலத்தில், மலாயில் எழுத அருமையான இடம்.

நிஜக் கணினியில் ஃப்ரீடாஸ்

டாஸ்பாக்ஸில் சில நாள் பழகி, உபரியாக ஒரு பழைய கணினியும் இருந்தால் இதற்கு வாருங்கள். 386 முதலே ஃப்ரீடாஸ் ஓடும். ஆச்சரியம் என்னவென்றால், சிக்கல் தருபவை புதிய கணினிகள்தான். டாஸ் பழைய பயாஸை நம்பி எழுதப்பட்டது. இன்றைய கணினிகளில் யுஇஎஃப்ஐ வந்துவிட்டது. பயாஸ் அமைப்புத் திரைக்குள் போய் 'லெகசி' அல்லது 'சிஎஸ்எம்' என்று ஒரு தேர்வு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதை இயக்கி, செக்யூர் பூட்டை நிறுத்துங்கள். இல்லையென்றால் அந்தக் கணினியில் டாஸ் நேரடியாகத் தொடங்காது. கணினிக்குள் இன்னொரு கணினியைப் போலி செய்யும் வெர்ச்சுவல்பாக்ஸுக்குள் போட்டுக்கொள்ளுங்கள், 64 எம்பி நினைவகமும் 500 எம்பி டிஸ்க்கும் கொடுத்தால் மிச்சமாகவே இருக்கும்.

விண்டோஸில் 'ரூஃபஸ்' நிரலைத் திறந்து, பென்டிரைவைச் செருகி, தொடக்கத் தேர்வில் ஃப்ரீடாஸைக் காட்டினால் சில நொடியில் தயார். பென்டிரைவில் இருந்தது எல்லாம் அழியும். இப்படிச் செய்தால் வெறும் கட்டளை வரி மட்டும் கிடைக்கும். முழுதாக நிறுவ, ஃப்ரீடாஸ் தளத்திலிருந்து ஃபுல்யுஎஸ்பி படிமத்தை இறக்கி, அதே ரூஃபஸில் எழுதுங்கள். தொடங்கியதும் மொழி கேட்கும், பிறகு டிஸ்க்கைப் பிரிக்கலாமா என்று கேட்கும்.

இந்தக் கேள்விக்கு 'யெஸ்' சொல்லும் முன் எழுந்து போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள். அந்த டிஸ்க்கில் இருக்கும் விண்டோஸ், கல்யாணப் படங்கள், எல்லாம் அதோடு போகும். படிமம் எடுக்காத பழைய தோட்டப் பெட்டியில் இதைச் செய்யவே கூடாது. டிஸ்க் காலிதான் என்று உறுதியானால் தொடருங்கள். ஒருமுறை மறுதொடக்கம் ஆகி ஃபார்மட் முடிந்ததும், 'பிளெய்ன் டாஸ்' வேண்டுமா, முழு நிறுவல் வேண்டுமா என்று வரும். முழு நிறுவலைத் தேர்ந்தெடுங்கள், இன்றைய கணக்குக்கு அது ஒன்றும் பெரிய இடமில்லை.

பழைய நிரல் ஒன்று 'நினைவகம் போதவில்லை' என்று நின்றால், கணினியில் 4 ஜிபி இருக்கிறதே என்று குழம்பாதீர்கள். டாஸ் முதலில் எழுதப்பட்ட 8086 சில்லுக்கு முகவரிக் கம்பிகள் 20, அதனால் எட்டக்கூடியது 1 எம்பி. அதில் 640 கேபி நிரல்களுக்கு, மீதி 384 கேபி திரைக்கும் பயாஸுக்கும். டாஸ் இன்றும் அந்த வேலிக்குள்தான் குடியிருக்கிறது. தொடங்கும்போது வரும் பட்டியலில் ஜெம்எக்ஸ் (நினைவகத்தை நிர்வகிக்கும் நிரல்) உள்ள வரியைத் தேர்ந்தால் பெரும்பாலும் தீரும்.

நிஜக் கணினியில் விளையாட்டுக்குப் பெரும்பாலும் சத்தம் வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த விளையாட்டுகள் தேடுவது சவுண்ட் பிளாஸ்டர் அட்டையை. விளையாட்டுதான் நோக்கம் என்றால் டாஸ்பாக்ஸே சுகம்.

அச்சிடுவது

டாஸ் நிரல்கள் எல்பிடி1 என்ற இணை வாயிலுக்கு நேரடியாக எழுத்தை அனுப்புகின்றன. இன்று கடையில் வாங்கும் மலிவான யுஎஸ்பி அச்சுப்பொறிகள் பல, விண்டோஸ் வரைந்து கொடுக்கும் படத்தை மட்டுமே அறியும். வெறும் எழுத்தை அனுப்பினால் சும்மா இருக்கும். எப்சன் எல்எக்ஸ்-300 போன்ற ஊசி அச்சுப்பொறி எங்காவது கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள், டாஸுக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை. அது இல்லாதவர்கள் டாஸ்பாக்ஸ்-எக்ஸில் அச்சைக் கோப்பாக எழுதச் செய்து, அதை விண்டோஸில் இருந்து அச்சிடலாம்.

ஒரு சின்ன நிரல் எழுதுங்கள்

டாஸைப் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது, விளையாட்டுக்கு அடுத்தபடியாக ஒரு பேட்ச் கோப்பு, அதாவது கட்டளைகளை வரிசையாக அடுக்கிய கோப்பு, எழுதச் சொல்லுங்கள். கணினி ஒரு வரிக்குப் பின் ஒரு வரியாகச் சொன்னதைச் செய்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் எனக்குத் தெரியவில்லை. நீளமும் மூன்று வரிக்கு மேல் போகாது.

கோயில் கணக்கு 'ஆலயம்' என்ற அடைவில் இருக்கிறது, டாஸ்பாக்ஸில் பென்டிரைவை 'டி' என்று மவுண்ட் செய்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நோட்பேடிலோ ஃப்ரீடாஸின் 'எடிட்'டிலோ 'சேமி.பேட்' என்ற பெயரில் ஒரு கோப்பு திறக்கவும். முதல் வரி 'எக்கோ ஆஃப்'. இரண்டாம் வரி 'எக்ஸ்காப்பி சி:\ஆலயம் டி:\ஆலயம் /எஸ் /ஒய்'. இதில் எஸ் என்றால் உள்அடைவுகளும் சேர்த்து, ஒய் என்றால் பழையதன் மேல் எழுதலாமா என்று கேட்காதே. மூன்றாம் வரி 'டிர் டி:\ஆலயம்'. சாதாரண டாஸ்பாக்ஸில் எக்ஸ்காப்பி கிடையாது. ஃப்ரீடாஸின் எக்ஸ்காப்பி கோப்பை உங்கள் அடைவுக்குள் நகலெடுத்துக்கொண்டால் ஓடும்.

'சேமி' என்று தட்டி எண்டர் அழுத்துங்கள். பட்டியல் வந்ததும் கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த பைட்டும் சி பக்கத்தோடு ஒத்துப்போகிறதா என்று பிள்ளையையே சரிபார்க்கச் சொல்லுங்கள். பிறகு பென்டிரைவைச் செயலாளர் வீட்டில் கொடுத்துவிடுங்கள். நகல் மூலத்தோடு ஒரே கூரையின் கீழ் இருந்தால், இடி விழும் மாதங்களில் இரண்டும் ஒரே மதியத்தில் போய்விடும்.